ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்

கபிலன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கேத்தலில் தண்ணீர் வைத்தான். சலவை இயந்திரத்தில் புதன்கிழமை போட்ட துணிகள் ஈரமாகவே கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அலச விட்டான். அது சுற்றி முடிப்பதற்குள் குளித்துவிட்டு வந்தான். துணிகளை மூங்கில் கழிகளில் கோத்து, சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டினான். கறுப்புச் சட்டை கிடைக்கவில்லை. கரும்பச்சைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். ரொட்டியில் காயா ஜாம் தடவி ஒரு துண்டு தின்றான். குப்பையைக் கட்டி, அதற்கென்று இருந்த குழாயில் போட்டான். கதவைப் பூட்டி, கிரில்லையும் பூட்டி, பன்னிரண்டாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கினான்.

கீழ்த்தளத்தில் அவன் மனைவி பெட்டிக்குள் இருந்தாள்.

நேற்று, வியாழன் காலை பதினொன்றரைக்குப் பிரிசில்லா போய்விட்டாள். முப்பத்து மூன்று வயது. கணையத்தில் கட்டி என்று டாக்டர் சொன்னது தீபாவளிக்கு மறுவாரம். அதன்பின் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. அழ வேண்டியதை அவன் தைப்பூசத்துக்குள் அழுது முடித்திருந்தான் என்று நினைத்தான். இப்போது உடம்பில் எதுவும் ஓடவில்லை. யாராவது நில் என்றால் நின்றான், குடி என்றால் குடித்தான்.

புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் புளோக்கின் கீழ்த்தளம் இரவோடு இரவாக மாறியிருந்தது. வெள்ளைத் திரை, மின்விசிறிகள், வட்ட மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் வேர்க்கடலைத் தட்டு, பொட்டலப் பானங்கள். எல்லாம் மைத்துனன் டெரன்ஸின் வேலை. டெரன்ஸ் பெரிய பெரிய மாநாடுகளை ஏற்பாடு செய்யும் கம்பெனியில் இருப்பவன். தங்கையின் சாவையும் அதே கையோடு எடுத்துச் செய்தான். அழுகை வரும்போதெல்லாம் கைப்பேசியைத் திறந்து பட்டியலில் ஒன்றை முடித்ததாகக் குறித்துக்கொண்டான். சனிக்கிழமை பத்து மணிக்கு மாதா கோயிலில் பூசை. பன்னிரண்டே காலுக்கு மண்டாய் தகனச்சாலை. இரண்டு மணிக்குச் சாப்பாடு. வியாழன் மாலையே எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பியாகிவிட்டது.

ஏழு மணிக்கு முகைதீன் போனில் கூப்பிட்டார்.

முகைதீன் பரமக்குடிப் பக்கம். கட்டடங்களில் கம்பி கட்டும் வேலை. பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். பிரிசில்லாவின் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களில் மூத்தவர்.

“சார், மெசேஜ் பார்த்தோம். சனிக்கிழமை எங்களுக்கு ஃபுல் டே வேலை,” என்றார். “அஞ்சாறு பேரு எப்படியாச்சும் வரப் பார்க்கிறோம். மத்தவங்க இங்கருந்தே துவா கேட்டுக்குவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

கபிலன் சரி என்றான். வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் என்று பெயர் வைத்தது அவன்தான். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த வழக்கம் அது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்துவிட்டு, ஞாயிறு மதியப் பூசை முடிந்ததும் பிரிசில்லா கோயிலின் பின்கட்டு அறையைத் திறந்துவைப்பாள். சிராங்கூன் சாலைக்கு வரும் விடுதித் தொழிலாளர்களும், அன்று ஒருநாள் விடுப்புக் கிடைக்கும் வீட்டுப் பணிப்பெண்களும் அங்கே வந்து உட்காருவார்கள். வருபவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களே இல்லை. யாரும் அவர்களுக்கு வேதம் சொல்லவில்லை. தேநீர் இருக்கும். யாருக்காவது கையில் அடி, படிவம் நிரப்பத் தெரியவில்லை, கடிதம் புரியவில்லை என்றால் மொத்த அறையும் சேர்ந்து யோசிக்கும்.

கபிலன் இந்து. பல்கலைக்கழகத்தில் அவளைப் பார்க்க ஆரம்பித்த காலத்தில், உங்கள் சாமி என்ன யூனியன் தலைவரா என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பெயர் திருச்சபையின் சமூகப் போதனை என்று அவள் சொன்னாள். மனுசருக்காகத்தான் வேலை, வேலைக்காக மனுசர் இல்லை. எந்த முடிவிலும் முதலில் பார்க்க வேண்டியது அங்கே இல்லாதவர் யார் என்பதை. ஒரு விஷயம் யாரைத் தொடுமோ அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுக்காதே. பார், யோசி, பிறகு செய். இந்த வரிசையை மாற்றாதே. எங்கள் வீட்டில் இதற்குப் பேர் காமன்சென்ஸ் என்றான் அவன். அப்படியென்றால் ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்டாள் அவள். சில வருடத்தில் அவளையே கல்யாணம் செய்துகொண்டான்.

அதற்காக அவளைப் புனிதை என்று யாராவது சொன்னால் அவன் சிரித்துவிடுவான். எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. சாம்பார் வைத்தால் ரசமாக வரும். சோற்றுப்பானை வாங்கப் போன இடத்தில்கூடப் பார், யோசி, செய் என்று நாற்பது நிமிடம் நின்று, கடைசியில் மூடி சரியாகப் பொருந்தாத ஒன்றை வாங்கி வந்தாள்.

கபிலன் டெரன்ஸிடம் போனான். டெரன்ஸ் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“சனிக்கிழமை வேணாம்.”

“ஏன்? சாட்டர்டே எல்லாருக்கும் லீவு, கபி. அதான் சாட்டர்டே வச்சேன்.”

“எல்லாருக்கும் இல்ல.”

டெரன்ஸுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது. அவன் கெட்டவன் இல்லை. வாழ்நாள் முழுதும் சனிக்கிழமை விடுமுறை உள்ளவர்களுக்கே நிகழ்ச்சி வைத்துப் பழகியவன். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். இது தவக்காலம். தவக்கால ஞாயிற்றில் அடக்கப் பூசை கிடையாது. தள்ளினால் திங்கள்தான். மண்டாயில் நேரம் மாற்ற வேண்டும். கீழ்த்தளத்துக்கு அனுமதி நீட்டிக்க வேண்டும். பினாங்கு மாமாக்களுக்கு ஞாயிறு காலை பஸ். கடைசியாகக் கைப்பேசியை மூடிவிட்டு, “அம்மா தாங்க மாட்டாங்க லா,” என்றான். “இன்னும் மூணு நாளு இந்தப் பெட்டிய பார்த்துக்கிட்டு உட்காரச் சொல்றியா?”

கபிலன் பெட்டியைப் பார்த்தான். பிரிசில்லாவுக்குப் பிடிக்காத வெள்ளை லில்லிப் பூக்களை வைத்திருந்தார்கள். அவளை வழியனுப்ப அந்தப் பின்கட்டு அறை வருமா வராதா என்பது ஒரு கைப்பேசிக்குள் முடிந்துபோயிருந்தது. அவனுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. சண்டை போட்டிருக்கக்கூடியவள் படுத்திருந்தாள்.

பத்து மணிக்கு ஜெபம் வைக்க வந்த ஃபாதர் கிளெமென்ட்டிடம் அவன் நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். திங்கள் காலை பூசை வைக்கத் தனக்குத் தடையில்லை, ஞாயிறு மதியம் இங்கேயே வந்து ஜெபிக்கவும் தயார், ஆனால் வீட்டார் மனம் ஒத்துச் சொல்ல வேண்டும் என்றார் ஃபாதர். டெரன்ஸ் மறுபடி அம்மா என்றான்.

“அத்தைய கேட்டீங்களா?” என்றான் கபிலன்.

“இந்த நிலைமைல எப்படி லா கேக்கறது?”

லூர்தம்மா முதல் வரிசையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடக் கேன்டீனில் மீகோரெங் நூடுல்ஸ் கடை நடத்திய மனுஷி. நேற்று முதல் அவர் கையில் யாராவது ஒருவர் மைலோக் குவளையைத் திணித்தபடி இருந்தார்கள். அவர் கண் செபமாலையில் இல்லை. காப்பி ஊற்றும் சாப்பாட்டுக் கம்பெனி ஆள் பாலை எவ்வளவு வீணாக்குகிறான் என்பதில் இருந்தது.

கபிலன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சனிக்கிழமை என்றால் யார் யார் வர முடியாது என்று சொன்னான். திங்கள் என்றால் இன்னும் மூன்று நாள் பெட்டி இங்கேயே இருக்கும், ஞாயிறு அவர்கள் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னான். உங்களுக்கு முடியாது என்றால் வேண்டாம் அத்தை, நீங்கள் சொல்வதுதான் என்றான். அவ்வளவையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு, மூன்று நாளில் பேசிய மிக நீண்ட பேச்சு அது என்று தனக்குள் வியந்துகொண்டான்.

லூர்தம்மா மைலோவைத் தரையில் வைத்தார்.

“எத்தனை பேரு வருவாங்க?”

“தெரியல அத்தை. நூறு, நூத்தம்பது.”

“நேத்துலருந்து எல்லாரும் படுங்க படுங்கன்னுதான் சொல்றாங்க,” என்றார். “ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கல.”

பெட்டியின் பக்கம் திரும்பி அதை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பில் ஏற்றிய சட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“கல்யாணம் ஆனதுலருந்து இவ என்கூட சேர்ந்தாப்புல ரெண்டு நாளு இருந்ததில்ல. மம்மி, ஒரு மீட்டிங் இருக்கு, மம்மி, ஒருத்தருக்குக் கை உடைஞ்சிருச்சு. இருக்கட்டும். இப்ப எங்க ஓடப் போறா?”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். கபிலனுக்கும் வந்தது. மூக்கு வழியாக, தும்மல் மாதிரி. அங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெரன்ஸ் ஓடிவந்து அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான்.

“ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமைன்னு போடு,” என்றார் லூர்தம்மா. “அந்த ஆளுக்கிட்ட ஞாயித்துக்கிழமைக்கு பீஹூன் வேணாம்னு சொல்லிரு. உழைக்கிறவங்க வர்றாங்க. சோறு வேணும்.”

சனிக்கிழமை முழுதும் கைப்பேசிகள் ஓயவில்லை. சோறு நாங்கள் ஆக்குகிறோம் என்று ஹஸீனா தகவல் அனுப்பினாள். காரைக்கால் பெண், அவளும் ஞாயிற்றுக்கிழமைக்காரிதான். சிராங்கூனில் ஒரு வீட்டில் வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். அக்கா விஷயத்தை அக்கா வீட்டார் மட்டும் எப்படி முடிவு செய்யலாம், எங்களையும்தானே கேட்க வேண்டும் என்று அவள் எழுதியிருந்ததை லூர்தம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். என் மகள் பேசுகிற மாதிரியே பேசுகிறாளே என்றார்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஹஸீனாவும் நான்கு பெண்களும் கோயில் சமையலறையின் பெரிய சட்டிகளோடு இரண்டு டாக்சிகளில் வந்து இறங்கினார்கள். அரை மணியில் ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பத்துப் பேராக, தேய்த்த சட்டையோடு, கழுத்துப் பட்டைகூட விறைப்பாக.

அந்தச் சட்டைகளைப் பார்த்ததும் கபிலனுக்குப் பழைய சங்கதி ஒன்று ஞாபகம் வந்தது. முதல் வருடக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் பெண்கள் நாற்பது கம்பளிப் போர்வைகள் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தார்கள். இந்தச் சூட்டில் போர்வை யாருக்கு என்று யாரும் யோசிக்கவில்லை. பிரிசில்லா எல்லாவற்றையும் நிறுத்தி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அறையைக் கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் முகைதீன்தான் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். இஸ்திரி மேசை. ஆறு நாள் சகதியில் நிற்கிறோம், ஏழாம் நாளாவது ஆள் மாதிரி தெருவில் நடக்க வேண்டும். போர்வைகள் திரும்பிப் போயின. விடுதிக்கு நான்கு இஸ்திரி மேசைகள் போயின.

வந்தவர்கள் வரிசையாகப் பெட்டியருகே போனார்கள். சிலர் கும்பிட்டார்கள், சிலர் கையேந்தி முணுமுணுத்தார்கள், சிலர் சும்மா நின்றார்கள். பிறகு எல்லாரும் போய்த் தபால் பெட்டிகளின் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்கள். உறவினர்கள் மேசைகளில் இருந்தார்கள். நடுவில் பத்தடி வெற்றுத் தரை. ஒரு பக்கமும் மற்றப் பக்கத்தைப் பார்க்காத மாதிரி இருந்தது.

லூர்தம்மா கரண்டியோடு எழுந்தார்.

“உட்காராதவங்களுக்குச் சோறு இல்ல,” என்றார். “ஒரு டேபிள்ல ஒரே கூட்டமா உட்கார்ந்தாலும் இல்ல. கலந்து உட்காருங்க. டெரன்ஸ், பிரிச்சு விடு.”

டெரன்ஸுக்கு அது போதும். கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டான். பத்து நிமிடத்தில் நூற்றெழுபது பேரை இருபது மேசைகளில் கலந்து அடுக்கி, சோற்றுக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி, கை கழுவ ஒரு வழி என்று பிரித்துவிட்டான். போன வாரம் வங்கிக்காரர்களுக்குச் செய்ததைவிட இது கச்சிதம் என்று அவனே சொன்னான். அந்த மகிழ்ச்சியில் அவன் ஒரு தப்புச் செய்தான். சட்டியோடு போன ஹஸீனாவைப் பார்த்து, “மேடம், அந்த மூலை டேபிளுக்கு இன்னும் போகல,” என்றான்.

மேசைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கின. பிறகு முகைதீன் மேசையில் ஆரம்பித்தது சிரிப்பு.

“என்ன?” என்றான் டெரன்ஸ்.

“அக்கா சட்டம், சார்,” என்றாள் ஹஸீனா. “எங்க கூட்டத்துல யாரு மேடம்னு சொன்னாலும் அன்னைக்குப் பாத்திரம் அவங்கதான் கழுவணும். ஃபாதரே கழுவியிருக்காங்க.”

ஃபாதர் கிளெமென்ட் வாயில் சோறு இருந்ததால் கையை உயர்த்தி உண்மைதான் என்று காட்டினார்.

சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கக் குழாயடியில் டெரன்ஸ் குந்தி உட்கார்ந்து சட்டி தேய்த்ததைப் பினாங்கு மாமா படம் எடுத்தார். அந்த மாமா பஸ்ஸை விட்டுவிட்டிருந்தார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

அதன்பின் பேச்சு தானாக வந்தது. ஒருவர் எழுந்து, மருத்துவமனையில் தனக்காக ஏழு மணிநேரம் கூட இருந்த அக்கா, கடைசியில் அவருடைய தோளிலேயே தூங்கிவிட, நர்ஸ் வந்து யார் பேஷண்ட் என்று கேட்டதைச் சொன்னார். ஒரு பெண் அக்கா போட்ட தேநீரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்க, குடித்தவர்கள் அத்தனைபேரும் சேர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். கபிலன் வீட்டுச் சாம்பாரைச் சொன்னான். தான் எழுந்து நின்று பேசிக்கொண்டிருப்பதை நடுவில்தான் கவனித்தான். லூர்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

காய்கறிப் பையோடு மின்தூக்கிக்குப் போன சீனக் கிழவர் ஒருவர் நின்றார். ஒன்பதாம் மாடிக்காரர். வெள்ளைத் திரைக்குள் இவ்வளவு சத்தத்தை அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. கல்யாணம் என்று நினைத்து, “வெட்டிங் ஆ?” என்று கபிலனிடம் கேட்டார்.

“நோ அங்கிள். சண்டே,” என்றான் கபிலன்.

அது போதுமான பதில் என்பது போல் அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு ஜெபம் முடிந்தது. திங்கள் காலையில் இவர்களில் யாரும் வர முடியாது. அதனால் பெட்டியின் நான்கு பக்கமும் அவர்களே நின்று, இருந்த இடத்திலேயே அதைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கினார்கள். தூக்கி, மூச்சு விடும் நேரம் பிடித்திருந்து, மெதுவாக இறக்கினார்கள். அப்படி ஒரு சடங்கு எந்த மதத்திலும் இல்லை. ஃபாதர் தடுக்கவில்லை. கம்பி தூக்கிப் பழகிய கைகள் பெட்டியை ஆடாமல் இறக்கின.

பிறகு முகைதீன் கபிலனுக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். ஆறு வருடமாக அவனை சார் என்று கூப்பிட்டவர்.

“மாப்ள,” என்றார், “சாப்பிட்டீங்களா?”

கபிலன் இல்லை என்றான். அவரே போய் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். கபிலன் சாப்பிட்டான். கத்திரிக்காய் நன்றாக இருந்தது. மறுபடி போடச் சொல்லிக் கேட்டான். ஐந்து நாளில் அவன் எதையும் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

பரிமாறிக்கொண்டே ஹஸீனா கேட்டாள். “ஒண்ணு கேக்கவா? அக்கா கடைசியா என்ன சொன்னாங்க?”

பக்கத்து மேசையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த கோயில் பெண்கள் நிறுத்தினார்கள். லூர்தம்மா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார். குழாயடியிலிருந்து ஈரக்கையோடு டெரன்ஸ் வந்து நின்றான். இவர்கள் யாருமே அதுவரை இதைக் கபிலனிடம் கேட்டதில்லை.

நினைவு அட்டையில் அச்சடிக்கத் தகுந்த சொற்கள் செவ்வாய்க்கிழமை அவள் பேசியவற்றில் இருந்தன. அம்மாவிடம் சொன்னவை, ஃபாதரிடம் சொன்னவை. அவற்றில் ஒன்றை அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் அவை கடைசி இல்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான். இவர்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி, மருத்துவமனை. முந்தின நாள் மாலைக்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை. அவன் நாற்காலியில் சரிந்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு அடியில் நீட்டி, மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். துப்புரவு வேலை பார்க்கும் வயதான பெண்மணி ஒருவர் தரை துடைக்கும் மாப்போடு உள்ளே வந்து, அவன் காலைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் காத்து நின்றார். அவன் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ. பிரிசில்லா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“கபி, காலத் தூக்கு லா,” என்றாள். “ஆன்ட்டி துடைக்கணும்.”